அரண்டவன் கண்

திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகும் சாலையில், கலசப்பாக்கத்தை ஒட்டி மேற்கே பார்த்தால் பர்வதமலையும் அதற்குப் பின்னால் ஜவ்வாது மலைத் தொடரும் தெரியும். இந்த அடிவார ஊர்களுக்கு வெளியூர்க்காரர்கள் புதிதல்ல. பௌர்ணமிக்கு மலை ஏற வருகிறவர்கள் உண்டு, கோடை விழாவுக்கு ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் உண்டு, குலதெய்வம் கும்பிட வருகிறவர்கள் ஆண்டு முழுக்க உண்டு. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் பிழைப்புத் தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போன குடும்பம், பொங்கல் வைக்கவும் மொட்டை போடவும் கார் பிடித்து வரும். கோயில் எந்த ஏரிக்கரையில் இருக்கிறது என்பது பாதி மறந்திருக்கும். வண்டியை ஓரங்கட்டி, எதிரே வருகிறவரிடம் வழி கேட்பார்கள். கேட்கப்பட்டவர் கையை நீட்டிக் காட்டுவார். இந்தப் பக்கத்தில் இதைவிடச் சாதாரணமான காட்சி எதுவும் இல்லை.

2018 மே 9 அன்று சென்னையிலிருந்து அப்படித்தான் ஒரு கார் வந்தது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் வழியில் உள்ள அத்திமூரில் நிறுத்தி வழி கேட்டார்கள். காரில் இருந்த வயதான அம்மா, அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. கார் கிளம்பிப் போனது. அதைவிட வேகமாகச் செல்போனில் செய்தி அடுத்த ஊருக்குப் போனது. அங்கே கூட்டம் காரை மறித்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சொல்லி அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். அதே நாளில் பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தின் பேரில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். இரண்டு இடத்திலும் கொல்லப்பட்டவர்கள் எந்தப் பிள்ளையையும் கடத்தவில்லை.

மறுநாள் செய்தியைப் படித்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: கும்பலுக்கு மூளை கிடையாது. இதற்கு ஒரு பழைய புத்தக ஆதாரமும் உண்டு. கூட்டத்தில் சேர்ந்த மனிதன் பகுத்தறிவை இழந்து காட்டுமிராண்டி ஆகிவிடுகிறான் என்று பிரெஞ்சுக்காரரான குஸ்தாவ் லெ பான் 1895-ல் எழுதிவைத்தார். பிறகு வந்த ஆய்வாளர்கள் இதை அவ்வளவாக ஏற்கவில்லை. பிரிட்டனின் ஸ்டீபன் ரைக்கர், 1980-ல் பிரிஸ்டல் நகரின் செயிண்ட் பால்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை ஆராய்ந்து, கலவரக் கூட்டம்கூடக் கண்மண் தெரியாமல் நடப்பதில்லை என்று காட்டினார். யாரைத் தாக்குவது, எதைத் தொடாமல் விடுவது, எந்தத் தெருவோடு நிறுத்துவது என்பதற்கெல்லாம் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கணக்கு இருந்தது. 'நாம் யார், நம்முடையது எது' என்ற எண்ணத்திலிருந்து அந்தக் கணக்கு வந்தது.

அத்திமூர்ப் பக்கத்தில் நடந்ததையும் மூளையற்ற செயல் என்று ஒதுக்கினால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். 'நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை' என்று ஆகிவிடுகிறது அல்லவா? அங்கே கூடியவர்கள் தாங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார்கள். அவர்கள் கண் முன்னே ஒரு கடத்தல்காரி நின்றாள். குலதெய்வம் கும்பிட வந்த பாட்டி எப்படிக் கடத்தல்காரியாகத் தெரிந்தார் என்பதே அறிவியலுக்கு உரிய கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி கடந்த 90 ஆண்டுகளில் ஆய்வகங்களில் சிறு சிறு துண்டுகளாகக் கிடைத்திருக்கிறது. எந்தத் துண்டும் பைத்தியத்தைப் பற்றியதல்ல. எல்லாமே என்னிடமும் உங்களிடமும் வேலை செய்பவை.

கண் ஒரு கேமரா என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். விழித்திரைக்கு வந்து சேர்வது குறையும் குழப்பமுமான தகவல். மூளை அதைத் தனக்கு முன்பே தெரிந்ததோடு சேர்த்து, 'இது இன்னதாக இருக்கும்' என்று ஊகிக்கிறது. நாம் பார்ப்பதாக நினைப்பது அந்த ஊகத்தை. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நனவுக்கு எட்டாத அனுமானம் என்று விளக்கினார். நம் வேதாந்திகளுக்கு இது அவருக்கும் முன்பே தெரியும். அந்திவேளையில் கயிற்றைப் பாம்பென்று கண்டு நடுங்குகிறவன் அவர்களுடைய நிரந்தர உதாரணம். ஊரிலும் 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்கிறோம். பழமொழி சரிதான், ஆனால் பாதி தூரம்தான் போகிறது. அவனை அரள வைத்தது யார் என்று அது கேட்பதில்லை.

ஊகம் என்றால் அதற்கு ஒரு வெட்டுக்கோடு வேண்டும். எவ்வளவு ஆதாரம் கிடைத்தால் 'ஆமாம்' என்பது? இதை எண்களில் பிடித்தவர்கள் ரேடார் பொறியாளர்களும் அவர்களைப் பின்பற்றிய உளவியலாளர்களும். 1950-களில் உருவான இந்தச் சமிக்ஞை கண்டறியும் கோட்பாட்டைப் புரிந்துகொள்ள ரேடார் திரை தேவையில்லை, அடிவாரத்து மல்லாட்டைக் கொல்லை போதும். மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும் காலத்தில் கொல்லையில் ஒருவர் ராக்காவல் இருக்கிறார். சரசரவென்று ஒரு சத்தம். பன்றியா, காற்றா? அவர் இரண்டு வகையில் தவறலாம். காற்றுக்கு எழுந்து டார்ச் அடித்து ஓடலாம். அது வீண் அலறல். பன்றியைக் காற்றென்று நினைத்துத் தூங்கிவிடலாம். அது கோட்டை விடுதல். காது எவ்வளவு கூர்மையானாலும் இரண்டு தவறையும் ஒருசேர ஒழிக்க முடியாது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எதைக் குறைப்பது என்பது, எந்தத் தவறுக்கு விலை அதிகம் என்பதைப் பொறுத்தது. ஒரே இரவில் பாதிக் கொல்லை போய்விடும் என்றால், காவல்காரர் இலை அசைந்தாலே எழுந்திருப்பார். அவர் செய்வது முற்றிலும் நியாயம்.

பிள்ளை விஷயத்தில் கோட்டை விடுவதன் விலைக்கு எல்லையே இல்லை. ஆகவே பெற்றோர் வெட்டுக்கோட்டை மிகத் தாழ்வாக வைப்பது இயல்பு. அந்நியர் யாராவது பிள்ளையிடம் பேசினால் திரும்பிப் பார்ப்பதில் தவறே இல்லை. எங்கே கணக்கு கெடுகிறது என்றால், கொல்லையில் வீண் அலறலுக்கான விலையைக் கொடுப்பவர் காவல்காரரே. அவருடைய தூக்கம் கெடும், நாளைக்கு உடம்பு வலிக்கும். அதனால் நான்கு முறை ஏமாந்தபின் தானே வெட்டுக்கோட்டைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வார். ஊருக்குள் வந்த அந்நியர் விஷயத்தில் வீண் அலறலின் விலை முழுவதையும் கொடுப்பவர் அந்த அந்நியர். அலறியவருக்கு உடனடி நஷ்டம் இல்லை. தவறைத் திருத்தும் வழியே அங்கே அடைபட்டுப் போகிறது.

இதில் இன்னொரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஒரு பேச்சுக்கு, வெளியூரிலிருந்து வரும் ஒரு லட்சம் பேரில் ஒருவர் உண்மையிலேயே கடத்தல்காரர் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க்காரர்கள் நூற்றுக்கு 99 முறை சரியாகக் கண்டுபிடிக்கும் அபாரமான கண் உள்ளவர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஒருவரோடு சேர்த்துச் சுமார் ஆயிரம் நிரபராதிகள் பிடிபடுவார்கள். 'எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்' என்று அடித்துச் சொல்கிறவர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். குற்றம் அரிதானது என்றால், கூர்மையான கண்ணும் பெரும்பாலும் தவறான ஆளையே பிடிக்கும்.

அரிதானதைத் தேடும்போது கண் இன்னொரு வேலையும் செய்கிறது. அத்திமூர்ச் சம்பவம் நடந்த அடுத்த மாதமே, 2018 ஜூனில், 'சயின்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஹார்வர்டின் டேவிட் லெவரி, டேனியல் கில்பர்ட் முதலியோர் செய்தது. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் புள்ளிகள் வரும். ஊதாவிலிருந்து நீலம் வரை பல சாயல்கள். ஒவ்வொன்றும் நீலமா, இல்லையா என்று சொல்ல வேண்டும். தொடக்கத்தில் பாதிப் புள்ளிகள் நீலம். போகப்போக நீலப் புள்ளிகளை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். நீலம் குறைந்தால் 'நீலம்' என்ற பதிலும் குறைய வேண்டும். நடந்தது வேறு: முன்பு ஊதா என்று சொன்ன புள்ளிகளையே ஆட்கள் நீலம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நீலம் குறையப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னாலும், மாறாமல் பதில் சொன்னால் பணம் தருவதாகச் சொன்னாலும் இந்த நழுவல் நிற்கவில்லை. பிறகு புள்ளிகளுக்குப் பதிலாக முகங்களைக் காட்டினார்கள். மிரட்டும் முகங்கள் குறையக் குறைய, சாதுவான முகங்கள் மிரட்டும் முகங்களாகத் தெரிந்தன.

இந்த ஆய்வை ஊர்க்காவலோடு பொருத்திப் பார்க்கும்போது எனக்குச் சற்று நடுக்கமாகவே இருக்கிறது. கடத்தல்காரர்கள் நடமாடுகிறார்கள் என்ற செய்தி வருகிறது. ஊரே விழித்திருந்து தேடுகிறது. நாட்கள் போகின்றன, ஒரு கடத்தல்காரரும் அகப்படவில்லை, ஏனென்றால் அப்படி யாரும் வரவில்லை. தேடல் அதோடு தளர்ந்துவிடும் என்று நினைப்போம். ஆனால் இல்லாததைத் தேடும் கண், இருப்பதில் கொஞ்சம் மாறுபட்ட எதையும் அதுவென்று எடுத்துக்கொள்ளும். இந்தி பேசும் கூலித் தொழிலாளி, மனநலம் குன்றி அலைகிறவர், பிள்ளைக்கு மிட்டாய் நீட்டும் பாட்டி. 2018-ல் நாடெங்கும் தாக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் இவர்கள்தான். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரயின்பாடாவில் கொல்லப்பட்ட 5 பேர், காலங்காலமாக ஊர் ஊராகப் போய்ப் பிச்சை ஏற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

கையில் என்ன இருக்கிறது என்பதும் பார்வையை மாற்றும். ஜெசிகா விட், ஜேம்ஸ் பிராக்மோல் இருவரும் 2012-ல் வெளியிட்ட பரிசோதனையில், படத்தில் இருப்பவர் கையில் வைத்திருப்பது துப்பாக்கியா வேறு பொருளா என்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர் கையில் பொம்மைத் துப்பாக்கியைக் கொடுத்தால், படத்தில் இல்லாத துப்பாக்கியும் அவருக்கு அதிகமாகத் தெரிந்தது. பந்தைக் கொடுத்தால் அப்படித் தெரியவில்லை. தடியோடு காவலுக்கு நிற்கிறவரும் பையோடு கடைக்குப் போகிறவரும் ஒரே காரை ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்றுதான் இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னது தனி ஆளின் கண். கூட்டத்தின் கண் எப்படி உருவாகிறது?

ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கத்தில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகவே தேர்ந்தெடுத்த இடம். அந்த மாதிரி இருட்டில் ஒரே ஒரு விண்மீனை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், சற்று நேரத்தில் அது ஊசலாடுவதுபோல் தெரியும். 1799-ல் அலெக்சாண்டர் ஹம்போல்ட் இதைக் கவனித்து, விண்மீன்களே அசைவதாக நினைத்தார். அசைவது விண்மீன் அல்ல. சுற்றிலும் வேறு எந்தப் பிடிமானமும் இல்லாததால் மூளைக்கு அதன் இடத்தை நிலையாகக் குறிக்க முடியவில்லை.

துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த முசாபர் ஷெரீப் இந்த மாயத்தை 1935-ல் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்தினார். இருட்டறையில் ஊசிமுனை வெளிச்சம் ஒன்று. அது எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டார். தனியாகப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைத்து, வாய்விட்டுச் சொல்லச் சொன்னபோது, சில சுற்றுகளுக்குள் எல்லோருடைய அளவும் ஒன்றை ஒன்று நெருங்கிக் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் வந்து நின்றது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. பிறகு அதே ஆட்களைத் தனித்தனியாக உட்கார வைத்தாலும் குழுவின் எண்ணையே சொன்னார்கள். நகராத ஒரு வெளிச்சம் இத்தனை அங்குலம் நகர்ந்தது என்பது அவர்கள் தங்கள் கண்ணால் கண்ட உண்மையாகிவிட்டது.

1961-ல் ராபர்ட் ஜேக்கப்ஸ், டொனால்ட் கேம்ப்பெல் இருவரும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். தனியாகப் பார்ப்பவர் பொதுவாக 4 அங்குலம் போலச் சொல்லும் இடத்தில், முன்பே பேசி வைத்த ஆட்களை விட்டு 15, 16 அங்குலம் என்று சொல்ல வைத்தார்கள். குழுவில் இருந்த அப்பாவியும் அதன் பக்கம் சாய்ந்தார். பிறகு பேசி வைத்த ஆட்களை ஒவ்வொருவராக வெளியேற்றிப் புதியவர்களைச் சேர்த்தார்கள். பொய்யைத் தொடங்கியவர் ஒருவர்கூட அறையில் இல்லாத நிலையிலும், அந்த மிகை அளவு மேலும் நான்கைந்து தலைமுறைக்குக் கைமாறி, பிறகே மெல்லத் தேய்ந்தது. வதந்தியைக் கிளப்பியவனைத் தேடிப் பிடித்தால் வதந்தி அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பரிசோதனையை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்து விழும் வதந்தியும் வெறும் தரையில் விழுவதில்லை. பிள்ளை பிடிக்கிறவன் நமக்குப் புதிய ஆள் அல்ல. சோறு உண்ணாத குழந்தைக்குப் பூச்சாண்டியோடு அவனையும் காட்டித்தான் வளர்க்கிறோம். எங்காவது பெரிய பாலம் கட்டினால், தூணுக்கு நரபலி கொடுக்கப் பிள்ளை தேடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்புவதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். பழைய அச்சம் உறங்கிக்கொண்டிருக்கும் இடத்தில், முகமும் குரலும் உள்ள காணொளி ஒன்று வந்து சேர்கிறது. 2018-ல் இந்தியாவின் பல இடங்களில் சுற்றிய அப்படி ஒரு காணொளியில், பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, ஒரு வாசகப் பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். படத்தில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை. சில நொடிகளை நீக்கியதே போதுமானதாக இருந்தது.

ஒரே செய்தி மாமா இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலும், பள்ளித் தோழர் குழுவிலும், சங்கக் குழுவிலும் வரும்போது என்ன ஆகிறது என்பதற்கு 1977-லேயே விடை இருக்கிறது. லின் ஹாஷர் குழுவினர் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை ஆட்களை அழைத்து, சில வாக்கியங்களின் உண்மைத்தன்மைக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட வாக்கியங்களுக்கு ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏறியது, அவை பொய்யாக இருந்தாலும். பழகிய முகம் நல்லவராகத் தெரிவது மாதிரி, பழகிய வாக்கியம் உண்மையாகத் தெரிகிறது. மூன்று பேர் சொன்னார்கள் என்று நாம் எண்ணுகிறோம். மூவரும் ஒரே இடத்திலிருந்து எடுத்து அனுப்பியது கணக்கில் வருவதில்லை.

இந்திய உளவியலின் மிகச் சுவையான பக்கங்களில் ஒன்று இங்கே சொல்லியாக வேண்டியது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் சேகரித்து 1935-ல் கட்டுரை எழுதினார். அதிர்வை உணர்ந்தும் அழிவு நேராத பகுதிகளில் கிடைத்த வதந்திகள் அவை. இன்னும் பெரிய நடுக்கம் வரப்போகிறது, வெள்ளம் வரும், புயல் வரும் என்று பெரும்பாலானவை கேட்பவரை மேலும் கலங்கடிப்பவை. சேதமே இல்லாத இடத்தில் மனிதர்கள் ஏன் தங்களைத் தாங்களே பயமுறுத்திக்கொள்ள வேண்டும்? பிறகு துர்கானந்த் சின்ஹா, 1950-ல் டார்ஜிலிங்கில் நேர்ந்த மண்சரிவுகளை ஒட்டிய வதந்திகளை ஆராய்ந்து 1952-ல் எழுதினார். அங்கே வீடும் உயிரும் கண்ணெதிரே போயிருந்தன. ஆனால் வரப்போகும் பேரழிவு பற்றிய வதந்திகள் அங்கே கிளம்பவில்லை.

இந்த முரண்பாட்டை எடுத்து அலசியவர் அமெரிக்காவின் லியான் பெஸ்டிங்கர். 1957-ல் அவர் வெளியிட்ட அறிவுமுரண் கோட்பாட்டுக்கு விதை போட்டது பீகார் வதந்திகள்தான். அவர் விளக்கம் இது: சேதம் கண்ட ஊரில் அச்சத்துக்குக் காரணம் கண் முன்னே கிடக்கிறது, புதிதாகத் தேட வேண்டியதில்லை. சேதமில்லாத ஊரில் அச்சம் மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. காரணமில்லாமல் பயப்படுவதை மனம் தாங்காது. பயத்துக்கு ஏற்ற காரணத்தை அது வரவழைத்துக்கொள்கிறது. வதந்தி பயத்தை உண்டாக்குகிறது என்பது பாதி உண்மை. பயம் வதந்தியைக் கூப்பிடுகிறது என்பது மறுபாதி. 'பயப்படாதீர்கள், அது பொய்' என்று காவல்துறை ஒலிபெருக்கியில் சொல்வது பல நேரம் ஏன் எடுபடுவதில்லை என்பது இதிலிருந்து புரியும். அறிவிப்பு காரணத்தை மட்டும் பிடுங்குகிறது. பயம் அங்கேயே நிற்கிறது, அடுத்த காரணத்துக்குக் காத்துக்கொண்டு.

அடிக்கிற கூட்டத்தைவிடப் பெரியது எப்போதும் சுற்றி நிற்கிற கூட்டம். அவர்கள் ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு 1968-ல் பிப் லத்தானே, ஜான் டார்லி செய்த பரிசோதனை ஓரளவு பதில் சொல்கிறது. அறையில் ஒருவர் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவர்த் துவாரத்திலிருந்து புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி சொல்லி வைத்த இருவரோடு உட்கார்ந்திருந்தவர்களில் 10 சதவீதம் பேரே சொன்னார்கள். மற்றவர்கள் புகை கண்ணைக் கரிக்கக் கரிக்க எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டபோது, அது தீ என்று தங்களுக்குத் தோன்றவே இல்லை என்றார்கள். எதிரில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பதே, ஆபத்து ஒன்றுமில்லை என்பதற்கு ஆதாரமாகிவிட்டது.

வெளியிலிருந்து வருவது நம்மை இவ்வளவு எளிதில் வளைக்கும் என்றால், வெளியிலிருந்தே நிமிர்த்தவும் முடியும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மாற்றியபோது, அப்படிப்பட்ட செய்திகளின் பரவல் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. இதில் அறிவுரை எதுவும் இல்லை. விரலுக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை வைத்தார்கள், அவ்வளவுதான். 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டந்தோறும் பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொல்லி வழிகாட்டு நெறிகளைத் தந்தது. தெலங்கானாவின் கட்வால் பகுதியில் காவல் கண்காணிப்பாளராக இருந்த ரமா ராஜேஸ்வரி, காவலர்களை ஊர் ஊராக அனுப்பி மக்களோடு பழகவிட்டார். நாட்டுப்புறப் பாடகர்களைக் கொண்டு வதந்தியின் கதையைப் பாட்டாகச் சொல்ல வைத்தார். தெரிந்த முகம் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுவது, ஜீப்பிலிருந்து வரும் அறிவிப்பைவிட ஆழமாகப் போகும் என்பதை அவர் புரிந்திருந்தார்.

பாடம் நடத்தினால் மாறுமா? சுமித்ரா பத்ரிநாதன் 2019 தேர்தல் சமயத்தில் பீகாரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, பொய்ச் செய்தியை இனங்காண ஒரு மணி நேரம் கற்பித்துப் பார்த்தார். மொத்தத்தில் குறிப்பிடும்படி பலனில்லை. பிறகு அவரும் சகாக்களும் அதே மாநிலத்தில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வளரிளம் மாணவர்களுக்கு வாரக்கணக்கில் வகுப்பு நடத்தியபோது பலன் தெரிந்தது, மாதங்கள் கழித்தும் நீடித்தது, வீட்டில் பெற்றோருக்கும் ஓரளவு தொற்றியது. கல்லூரி அரங்கத்தில் ஒரு நாள் கருத்தரங்கு வைத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்கு இது நல்ல செய்தியல்ல.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட நம்பிக்கை தருவது சாலமன் ஆஷின் பழைய பரிசோதனையில் பலரும் சொல்லாமல் விடும் பகுதி. 1951-ல் வெளிவந்தது. எந்தக் கோடு மாதிரிக் கோட்டுக்குச் சம நீளம் என்ற, குழந்தைக்கும் விடை தெரியும் கேள்விக்கு, அறையில் உள்ள எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு தவறான பதில் சொல்ல, விஷயம் தெரியாத ஒருவர் கடைசியில் மாட்டிக்கொள்வார். நான்கில் மூவர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள்; மொத்தப் பதில்களில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போனது. இதுவரை எல்லோரும் சொல்வார்கள். பேசி வைத்த ஆட்களில் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதில் சொல்லும்படி ஆஷ் மாற்றினார். கூட்டத்தோடு சாய்ந்த பதில்கள் இருபதில் ஒன்று என்ற அளவுக்கு விழுந்தன. அதைவிட வியப்பு, அந்த ஒருவர் வேறொரு தவறான பதிலைச் சொன்னால்கூட மாட்டிக்கொண்டவரின் தவறுகள் வெகுவாகக் குறைந்தன. கூட்டத்துக்கு எதிராகப் பேசுகிறவர் சரியாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. எல்லோரும் ஒரே குரலில் பேசுவது உடைந்தால் போதும், பக்கத்தில் இருக்கிறவருக்குத் தன் கண் திரும்பக் கிடைத்துவிடுகிறது.

ஆகவே, பிள்ளை பிடிக்கிறவரைப் பிடித்துவிட்டோம் என்று உங்கள் தெருவில் கூட்டம் கூடினால், உண்மை எது என்று தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். 'யார் பிள்ளையைக் காணோம்? யார் நேரில் பார்த்தது?' என்று நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். பிள்ளையைப் பற்றி உண்மையாகவே சந்தேகம் இருந்தால் 1098, கூட்டம் கைநீட்டத் தொடங்கினால் 112. இரண்டு எண்களுக்கும் கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.